சுவானியின் ஃபுட்பால் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு சிறிய பல்கலைக்கழக அணி 1899-இல் ஆறே நாளில் ஐந்து ஆட்டங்கள் ஆடி ஐந்திலும் ஜெயித்தது என்று எங்காவது படித்துவிட்டு, "இதெல்லாம் உண்மைதானா?" என்று கேட்பவர்கள் நிறைய. உண்மைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் கதையை அந்த ஆறு நாளோடு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நாற்பத்தோரு ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகம் எடுத்த ஒரு முடிவு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சுவானியின் கதை முழுசாகும்.

சுவானி என்பது ஊரா, பல்கலைக்கழகமா?

இரண்டும்தான். பல்கலைக்கழகத்தின் முறையான பெயர் 'தி யுனிவர்சிட்டி ஆஃப் தி சௌத்'. அது இருக்கும் மலை ஊரின் பெயர் சுவானி. எல்லோரும் ஊர்ப் பெயரையே சொல்லி அழைப்பதால் பல்கலைக்கழகத்துக்கும் அதுவே நிலைத்துவிட்டது. டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்கும் சாட்டனூகாவுக்கும் நடுவே, கம்பர்லேண்ட் மேட்டுநிலத்தின் மேல் சுமார் இரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. எபிஸ்கோபல் திருச்சபை 1857-இல் இதைத் தொடங்கியது. உள்நாட்டுப் போர் குறுக்கே வந்ததால் 1868-இல்தான் மாணவர்கள் வகுப்புக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நிலம் ஏறத்தாழ 13,000 ஏக்கர், பெரும்பகுதி காடு. மாணவர்களோ இன்றைக்கும் இரண்டாயிரத்தை எட்டவில்லை.

ஃபுட்பால் என்றால் நம்ம ஊர்க் கால்பந்தா?

இல்லை. இது அமெரிக்கன் ஃபுட்பால். நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியை முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம். ஆனால் 1899-இல் ஆடியது இன்றைக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டமும் இல்லை. பந்தை முன்னோக்கி எறிவது அப்போது விதிமீறல். 1906-இல்தான் அனுமதி வந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேறியாக வேண்டும். பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், அதற்கு 5 புள்ளி. பந்தை உதைத்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் அது ஃபீல்டு கோல், அதற்கும் 5 புள்ளி. ஒருவர் ஆட்டத்தை விட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. அதனால் அடிபட்டாலும் ஆட்டக்காரர்கள் களத்திலேயே நிற்கப் பார்ப்பார்கள். பந்தோடு ஓடுபவர் ஒருவர், அவரைச் சுற்றி மொத்தக் கூட்டமும் மோதிக்கொள்ளும். எலும்பு முறிவு சர்வசாதாரணம். களத்தில் சாவுகளும் நடந்தன. 1905-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டு ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஆறு நாளைப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கு வெறும் எண்ணாகத்தான் தெரியும்.

சுவானி எப்போது ஆட ஆரம்பித்தது?

1891-இல். அந்த நவம்பரில் சொந்த மைதானத்தில் நாஷ்வில்லின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடித் தோற்றார்கள். அன்று ஆடிய அதே திடலில்தான் இன்றும் ஆடுகிறார்கள். அமெரிக்கத் தெற்கிலேயே தொடர்ந்து ஆடப்பட்டுவரும் மிகப் பழைய ஃபுட்பால் திடல் இதுதான் என்று பல்கலைக்கழகம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. 1894-இல் தெற்கத்திய கல்லூரிகள் சேர்ந்து முதல் விளையாட்டுக் கூட்டமைப்பை அமைத்தபோது சுவானியும் அதன் தொடக்க உறுப்பினர்.

1899 பயணத்தைத் திட்டமிட்டது யார்? எதற்காக?

லூக் லீ என்ற மாணவர். அவர்தான் அணியின் மேனேஜர். அந்தக் காலத்தில் யாரோடு ஆடுவது, எங்கே ஆடுவது, ரயில் கட்டணம் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் மாணவ மேனேஜரே பார்த்துக்கொள்ள வேண்டும். கோச் பில்லி சூட்டர், பிரின்ஸ்டனில் ஆடியவர். கேப்டன் ஹென்றி சீபல்ஸ், அலபாமாவின் மாண்ட்கோமரிக்காரர்.

பயணத்துக்குக் காரணம் பணம்தான். வான்டர்பில்ட்டோடு ஆடும் ஆட்டத்தில்தான் வழக்கமாக நல்ல வசூல் வரும். அந்த ஆண்டு டிக்கெட் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் தகராறு வந்து அந்த ஆட்டமே இல்லாமல் போனது. அதை ஈடுகட்ட, ஒரே பயணத்தில் எத்தனை ஆட்டம் முடியுமோ அத்தனையையும் லீ பேசி முடித்தார். டெக்சாஸ் வரைக்கும் போய்த் திரும்ப ரயிலுக்கு ஒரே செலவு. வழியில் ஐந்து இடத்தில் வசூல். கணக்கு கச்சிதமான கணக்கு. ஆடப்போகிற உடம்புகளை அதில் அவர் எவ்வளவு யோசித்தார் என்பது வேறு விஷயம்.

சரி, அந்த ஆறு நாளில் என்னதான் நடந்தது?

நவம்பர் 9, வியாழக்கிழமை. ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். 12-0.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம். 10-0.

சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேன். 23-0. மூன்று நாளில் மூன்று நகரம், இடையில் ரயிலில் தூக்கம். ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் ஒரு இரவுப் பயணம். இறங்கிய அன்றே ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. திருச்சபைப் பல்கலைக்கழகம் ஞாயிறன்று ஆடாது.

திங்கட்கிழமை, 13-ஆம் தேதி, பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். 34-0. அந்தப் பயணத்தின் மிகப் பெரிய வெற்றி, நான்காவது ஆட்டத்தில் வந்திருக்கிறது பாருங்கள். களைத்துப்போன அணிக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகம். 12-0.

ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து 91 புள்ளி எடுத்தார்கள். எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்தப் பயணம் சுமார் 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். 'ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார்கள்' என்று விவிலியத்தின் படைப்புக் கதையோடு சேர்த்து இதைச் சொல்வது அங்கே வழக்கம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓய்வு நான்காம் நாளில் வந்தது, ஏழாம் நாளில் இல்லை. அந்த ஒரு ஞாயிறு இல்லையென்றால் திங்களும் செவ்வாயும் என்னவாகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தண்ணீர்ப் பீப்பாய், மறந்துபோன காலணிகள் என்றெல்லாம் சொல்கிறார்களே?

வெளியூர்த் தண்ணீர் குடித்து வயிறு கெட்டுவிடக் கூடாது என்று மலையின் ஊற்றுநீரை இரண்டு பீப்பாயில் பிடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது ஒன்று. டைஃபாய்டு பயம் இருந்த காலம், நியாயமான ஏற்பாடுதான். புறப்பட்ட அவசரத்தில் ஆட்டக் காலணிகளை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, லீ தந்தி கொடுத்து அடுத்த ரயிலில் வரவழைத்தார் என்பது இன்னொன்று. இரண்டும் சுவானியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிற கதைகள். சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம்.

எனக்குப் பிடித்தது அந்த ரயில் பாதை. மலையடிவாரத்தில் உள்ள கோவன் என்ற ஊரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போட்ட கிளைப் பாதை அது. செங்குத்தாக ஏறும் அந்த ரயிலுக்கு 'மலை ஆடு' என்று பெயர். ஊருக்குள் வருவதென்றாலும் போவதென்றாலும் அதில்தான். சுமார் இருபது பையன்கள் அதில் இறங்கிப் போய்த்தான் டெக்சாஸ் வரை பிரயாணம் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பருவத்தின் மற்ற ஆட்டங்கள்?

மொத்தம் 12 ஆட்டம், பன்னிரண்டிலும் வெற்றி. ஜார்ஜியா 12-0, ஜார்ஜியா டெக் 32-0, டென்னசி 46-0, சௌத்வெஸ்டர்ன் பிரெஸ்பிடேரியன் 54-0. இவை பயணத்துக்கு முன்பு. திரும்பி வந்து கம்பர்லேண்டை 71-0 என்று வென்றார்கள்.

உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது. நவம்பர் 30, நன்றி நவிலும் நாள், மாண்ட்கோமரியில் ஆபர்ன் அணியோடு ஆட்டம். ஆபர்னின் கோச் ஜான் ஹெய்ஸ்மன். இன்றைக்குக் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. சுவானி ஜெயித்தது, 11-10. அந்தப் பருவம் முழுக்க அவர்கள் கொடுத்த புள்ளி அந்தப் பத்துதான். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்த அணி, ஒருநாள் இடைவெளியில் அட்லாண்டாவுக்குப் போய் வட கரோலினாவை 5-0 என்று வென்றது. சுவானியின் ஆட்டக்காரர் கில்பாட்ரிக் உதைத்த ஃபீல்டு கோல் ஒன்றுதான் அந்த ஆட்டத்தின் மொத்தக் கணக்கு.

எல்லாம் கூட்டினால் 322-க்கு 10. அக்டோபர் 21-இல் தொடங்கி டிசம்பர் 2-இல் முடிந்தது. ஆறு வாரம்.

அப்படியென்றால் அந்த ஆண்டின் தேசியச் சாம்பியன் சுவானிதானா?

அப்படி ஒரு பட்டம் அப்போது யாரும் அதிகாரபூர்வமாகக் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் பழைய பதிவுகளை வைத்துக் கணித்தவர்களில் பலர் 1899-க்கு ஹார்வர்டைத்தான் சொல்கிறார்கள். ஃபுட்பால் என்றால் வடகிழக்கின் பழைய பல்கலைக்கழகங்கள்தான் என்ற எண்ணம் அன்று ஆழமாக இருந்தது. தெற்கத்திய அணிகளை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. சுவானியும் ஹார்வர்டும் அந்த ஆண்டு மோதிப் பார்க்கவில்லை என்பதால் இந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது. தெற்கின் சாம்பியன் சுவானி என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

லூக் லீ அப்புறம் என்ன ஆனார்?

அவர் வாழ்க்கையே தனிக்கதை. நாஷ்வில்லில் 'தி டென்னசியன்' நாளிதழைத் தொடங்கினார். 1911 முதல் 1917 வரை அமெரிக்க செனட்டில் இருந்தார். முதல் உலகப் போருக்குப் படைப்பிரிவோடு போனவர், போர் முடிந்ததும் 1919 ஜனவரியில் சில தோழர்களைக் கூட்டிக்கொண்டு நெதர்லாந்துக்குள் போய், அங்கே ஒரு கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைத் தூக்கிவரப் பார்த்தார். நடக்கவில்லை. கூட வந்த ஒருவர் எடுத்துவந்த சாம்பல் கிண்ணம் ஒன்றுதான் மிச்சம். 1930-களில் வங்கி வீழ்ச்சி வழக்கில் சிறைக்கும் போய், பிறகு மன்னிப்புப் பெற்றார். ஆறு நாளில் ஐந்து ஆட்டம் போட்டது இந்த மனிதர்தான் என்று தெரிந்த பிறகு எனக்கு எதுவும் ஆச்சரியமாகத் தெரியவில்லை.

1899-க்குப் பிறகு சுவானி உடனே சரிந்துவிட்டதா?

இல்லை. இன்னும் ஒரு தலைமுறைக்கு நல்ல அணியாகவே இருந்தது. 1909-இல் வான்டர்பில்ட்டை 16-5 என்று வென்று மறுபடி தெற்கின் சாம்பியன் ஆனது. அந்தக் காலத்தில் ஆடிய ஹென்றி ஃபிலிப்ஸ், ஃபிராங்க் ஜூஹன் இருவரும், 1899-இன் சீபல்ஸும், கல்லூரி ஃபுட்பால் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றிருக்கிறார்கள். ஜூஹன் பிறகு ஃபுளோரிடாவின் பிஷப் ஆனார்.

சரிவு மெதுவாகத்தான் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கில் மாணவர்களைச் சேர்த்தன, பெரிய ஸ்டேடியங்கள் கட்டின. மலையுச்சியில் சில நூறு மாணவர்களை வைத்துக்கொண்டு சுவானி அவர்களோடு எப்படிப் போட்டி போட முடியும்?

எஸ்இசி என்றால் என்ன? சுவானி அதில் இருந்ததா?

இருந்தது. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். எஸ்இசி, அதாவது சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் போட்டிக் கூட்டமைப்பு. இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மிகப் பலமானவற்றில் ஒன்று, கோடிக்கணக்கில் பணம் புரளும் இடம். 1932 டிசம்பரில் அது உருவானபோது 13 உறுப்பினர்கள். அலபாமா, ஜார்ஜியா, டென்னசி, ஃபுளோரிடா போன்ற பெயர்களோடு சுவானியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய பெருமையும் பழைய உறவும் அதைக் கூட்டிக்கொண்டு போயின.

உள்ளே போன பிறகு எட்டுப் பருவம், 37 கான்ஃபரன்ஸ் ஆட்டம். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. டிராகூட இல்லை. 26 ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்தமாகக் கூட்டினால் எதிரணிகள் 1,163, சுவானி 84.

இந்தக் கணக்கைச் சிரிப்பதற்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரும்பாலும் எதிரணியின் ஊருக்கே போய், தோற்போம் என்று தெரிந்தே, களத்தில் இறங்கிய மாணவர்கள் அவர்கள். 1899-இன் பையன்களுக்கு எந்த விதத்திலும் குறைந்த மனத்திடம் இவர்களுக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிறகு ஏன் விலகினார்கள்? தோல்வி தாங்காமலா?

தோல்வி ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. 1935-இல் எஸ்இசி, ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டுக்காகவே உதவித்தொகை கொடுப்பதை வெளிப்படையாக அனுமதித்தது. அதுவரை மறைவாகப் பல இடங்களில் நடந்துகொண்டிருந்தது இப்போது விதியாகிவிட்டது. அந்தப் பாதையில் போவதென்றால், ஆடுவதற்கென்றே ஆட்களைத் தேடிப்பிடித்து, படிப்புச் செலவைக் கொடுத்து அழைத்துவர வேண்டும்.

1938-இல் அலெக்ஸாண்டர் குவெரி துணைவேந்தராக வந்தார். (நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களைப் போலவே அங்கேயும் வேந்தர் என்பது கௌரவப் பதவி, அங்கே ஒரு பிஷப் இருப்பார், நிர்வாகத்தை நடத்துவது துணைவேந்தர்தான்.) காசு கொடுத்து ஆட்களைக் கொண்டுவந்து ஆடவைப்பது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். படிக்க வந்த மாணவன் ஆட ஆசைப்பட்டால் ஆடட்டும், அவனைப் போன்ற மாணவர்களோடே ஆடட்டும் என்பது அவர் நிலை. 1940 டிசம்பரில் சுவானி எஸ்இசியிலிருந்து விலகியது. தொடக்க உறுப்பினர்களில் முதலில் வெளியேறியது அதுதான். ஜார்ஜியா டெக்கும் டுலேனும் 1960-களில்தான் போயின.

அது சரியான முடிவா?

என்னைக் கேட்டால், சுவானியின் ஃபுட்பால் வரலாற்றிலேயே மிகத் தைரியமான காரியம் அதுதான். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கொள்கை பேசுவது சுலபம் என்பார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது பேசினால் 'திராட்சை புளிக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். குவெரிக்கும் அந்தப் பேச்சு வரும் என்று தெரியாமல் இருந்திருக்காது. பழைய மாணவர்களுக்கு 1899-தான் உயிர். அந்தப் பெருமை பெயரளவிலாவது ஒட்டிக்கொண்டிருந்த ஒரே இடம் எஸ்இசி. அதைக் கையெழுத்துப் போட்டு விட்டுவிட ஒருவர் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஃபுட்பாலை நிறுத்திவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1939-இல், சிகாகோ பல்கலைக்கழகம் தன் பெருமைமிக்க ஃபுட்பால் அணியை அடியோடு கலைத்திருந்தது. அதே வழியில் போவது அவருக்குச் சுலபம். போகவில்லை. ஆட்டத்தைக் கைவிடாமல் அளவை மட்டும் குறைத்துக்கொண்டார்.

விலகிய பிறகு யாரோடு ஆடினார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் ஆட்டமே இல்லை. 1946-இல் உதவித்தொகை எதுவும் இல்லாத மாணவர் அணியாகத் திரும்பி வந்தார்கள். தங்களைப் போன்ற சிறிய கல்லூரிகளோடு ஆடினார்கள்.

அதில் பொற்காலம் ஷெர்லி மேஜர்ஸ் காலம். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண்தான். டென்னசியில் ஹன்ட்லேண்ட் என்ற சிற்றூர்ப் பள்ளியில் கோச்சாக இருந்தவர். 1957-இல் சுவானிக்கு வந்து 1977 வரை, 21 பருவம் இருந்தார். 1958-இலும் 1963-இலும் அவர் அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அவர் மகன் ஜானி மேஜர்ஸ் 1976-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைத் தேசியச் சாம்பியன் ஆக்கிய கோச். மகனுக்கு நாடு முழுக்கப் பெயர். அப்பா கடைசிவரை மலைமேல் சிறிய அணியோடே இருந்தார். 1899-ஐப் பற்றிக் கேட்பவர்கள் 1963-ஐப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. யாரும் கேட்பதில்லை.

பரம எதிரி யார்?

ஒரு காலத்தில் வான்டர்பில்ட். இப்போது மெம்ஃபிஸின் ரோட்ஸ் கல்லூரி. 1899-இல் 54-0 என்று தோற்ற சௌத்வெஸ்டர்ன் பிரெஸ்பிடேரியன்தான் இடம் மாறி, பெயர் மாறி இன்றைய ரோட்ஸ் ஆகியிருக்கிறது. 1954 முதல் இந்த இரண்டு அணியும் எட்மண்ட் ஆர்கில் பெயரிலான கோப்பைக்காக ஆடுகின்றன.

1899-இல் சுவானியிடம் தோற்ற அணிகள் இப்போது எங்கே?

பன்னிரண்டில் ஏழு அணிகள் இன்று எஸ்இசியில் இருக்கின்றன. ஜார்ஜியா, டென்னசி, ஆபர்ன், லூசியானா மாநிலம், மிசிசிப்பி ஆகியவை தொடக்கத்திலிருந்தே. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2012-இல் சேர்ந்தது, டெக்சாஸ் 2024-இல். அவர்களின் ஸ்டேடியங்கள் பலவற்றில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம்.

சுவானி, கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்குகளில் கடைசியான மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறது. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கவே கூடாது என்பது விதி. குவெரி 1940-இல் தனியாக நின்று சொன்னது அங்கே எல்லோருக்கும் பொதுவான சட்டமாக இருக்கிறது.

நேரில் போய் ஆட்டம் பார்க்கலாமா?

தாராளமாக. நாஷ்வில்லிலிருந்தோ சாட்டனூகாவிலிருந்தோ 24-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்து மான்டீகிள் என்ற இடத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடியும், ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை பகலில். அக்டோபர் கடைசியில் போனால் மலை முழுக்க இலைகள் நிறம் மாறியிருக்கும். அணியின் நிறம் ஊதா, பெயர் டைகர்ஸ். அவர்களுடைய பழைய கோஷம் ஒன்று உண்டு. புறச்சமயத்தாரை வீழ்த்துவோம், திருச்சபையை உயர்த்துவோம் என்ற பொருளில் எதுகையோடு முழங்குவார்கள். திடலின் பெயர் மெக்கீ ஃபீல்டு. கல்லெறி தூரத்தில் வகுப்பறைகள். ஆடுகிற பையன்களில் யாரும் ஆடுவதற்காகப் பணம் வாங்கியவர்கள் இல்லை. திங்கட்கிழமை காலை அதே வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பார்கள்.